அம்மிணி மாமியின் பல் கறை

அம்மிணி மாமி தன் வாழ்நாளில் ஒரு முறைகூடப் புகையிலை போட்டதில்லை. வெற்றிலைகூடக் கல்யாணத்தன்று போட்டதோடு சரி. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பம்பாய் மாட்டுங்காவில் பாதி வீடுகளில் இன்றைக்கும் வேறு மாதிரிதான் பேசிக்கொள்கிறார்கள். அவர்களில் யாராவது இதைப் படித்தால் முதல் வரியிலேயே சுருக்கென்று தைக்கட்டும்.

நான் ஷ்யாமளா. ஃபோர்ட்டில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஸ்டெனோ. எங்கள் கட்டடத்தில் மாடிப்படிக்குப் பின்னால் கீழே ஓர் ஒற்றை அறை உண்டு. அதில்தான் அம்மிணி மாமி இருந்தாள். பாலக்காட்டுப் பக்கம் ஒரு சிற்றூரிலிருந்து கல்யாணமாகி 1964-இல் பம்பாய் வந்தவள். புருஷன் மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸில் சமையல். எட்டு வருஷம் கழித்து மஞ்சள்காமாலையில் போய்விட்டான். அண்ணன் வந்து கூப்பிட்டபோது, ஊருக்கு வந்து உன் பெண்டாட்டிக்குச் சமைத்துப் போடுவதைவிட இங்கே நாலு வீட்டில் சமைக்கிறேன் என்று சொல்லி அவனைத் திருப்பி அனுப்பினாள். சொன்னபடியே நாலு வீடு பிடித்தாள். மூன்று வீடு மாட்டுங்காவில், ஒன்று செம்பூரில்.

அந்த நாலில் பெரிய வீடு அனந்தநாராயணனுடையது. அவர் ஒரு பெரிய கம்பெனியில் ஆபீசர். அவர் மனைவி சுப்புலக்ஷ்மி. வயதுக்கு நான் அவளை மாமி என்றுதான் எழுத வேண்டும். கை வரவில்லை, விட்டுவிடுகிறேன். பதினோரு வருஷம் அம்மிணி மாமி அந்த வீட்டில் சமைத்தாள். மாட்டுங்காவில் சமையல் வேலைக்கு விளம்பரம் கிடையாது, சர்டிபிகேட் கிடையாது. சுப்புலக்ஷ்மி மாதிரி ஒருத்தி கோவிலிலோ நவராத்திரிக் கொலுவிலோ 'எங்காத்து அம்மிணி ரொம்ப மடி, ரொம்ப சுத்தம்' என்று சொன்னால் அதுதான் சர்டிபிகேட். சுவாமிக்கு நைவேத்தியம் ஆகிற வரை அம்மிணி மாமி எதையும் ருசி பார்க்க மாட்டாள். சாம்பாரின் வாசனையை வைத்தே உப்பு சரியா என்று சொல்லிவிடுவாள். அவளுடைய கைமுறுக்கு ஏழு சுற்று வரும், ஒரு சுற்றுகூட விட்டுப்போகாது. கல்யாண வீடுகளில் சீர் பட்சணம் என்றால் அம்மிணி என்று பேராகியிருந்தது.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் தான் சுற்றிய முறுக்கைக் காப்பியில் ஊறவைத்துத் தின்றுகொண்டிருந்ததை நான் பார்த்தேன். ஏன் என்று கேட்டேன். கீழ்வரிசையில் முன்பல் இரண்டு ஆடுகிறது என்றாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மற்றதும் வெளியே வந்தது. காலையில் பல் தேய்த்தால் ரத்தம். ஈறை அழுத்தினால் சீழ். வாய் நாற்றம் தனக்கே தெரிகிறது என்று, வேலை செய்யும் வீடுகளில் தலைப்பால் வாயை மூடிக்கொண்டுதான் பேசுவாளாம். அதை அங்கே எல்லாரும் அடக்கம் என்று நினைத்துப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. மருந்துக்கடையில் கொடுத்த சிவப்பு கம் பெயின்ட்டை ஒரு வருஷமாகத் தடவிக்கொண்டிருந்தாள். தடவினால் ஈறு இறுகினாற்போல் இருக்கும், இரண்டு நாள் ரத்தம் வராது, மூன்றாம் நாள் பழைய கதை. பல் டாக்டரிடம் போனால் சுரண்டிச் சுத்தம் பண்ணுவார்கள், சுரண்டினால் இருக்கிற பல்லும் ஆடும் என்று சுப்புலக்ஷ்மி சொல்லியிருந்தாளாம். எனக்கு அப்போதே கோபம் வந்தது. மறு சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் முடிந்ததும் மாமியை இழுத்துக்கொண்டு தாதர் போகிற வழியில் டாக்டர் நாட்கர்ணியிடம் போனேன். இது 1987, நவராத்திரி முடிந்த கையோடு.

டாக்டர் நாட்கர்ணி நல்லவள், கைராசிக்காரி. மெல்லிய கம்பி ஒன்றை ஒவ்வொரு பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு ஆழம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து இங்கிலீஷில் விளக்கினாள். ஈறுக்கு அடியில் பல்லோடு ஒட்டிக் காரை கெட்டிப்பட்டிருக்கிறது. அதில் கிருமி. அதை எடுக்காமல் மேலே எதைத் தடவினாலும் ஓதமேறிய சுவருக்கு வெள்ளை அடிப்பது மாதிரிதான். மரத்துப்போக ஊசி போட்டு, வாயை நாலு பாகமாகப் பிரித்து, நாலு தடவை வரச்சொல்லி ஈறுக்கு அடியில் வேர்வரை சுரண்டிச் சுத்தம் செய்யப்போகிறேன். பல்லை ஆட்டுவது அந்தக் காரைதான், சுத்தம் பண்ணுவதால் எந்தப் பல்லும் ஆடாது. சுத்தம் பண்ணின பிறகு ஈறு ஆறும்வரை கிருமி திரும்பவும் குடியேறாமல் இருக்க ஒரு ஜெல் தருகிறேன். ஜெல் வெறும் துணைதான், சுரண்டுவதுதான் வைத்தியம். காலையும் ராத்திரியும் பல் தேய்த்த பிறகு விரலால் ஈறில் தடவ வேண்டும். அரைமணி வாயைக் கொப்பளிக்கக் கூடாது, பேசாமல் இருந்தால் நல்லது.

இதோடு நிறுத்தவில்லை. இந்த ஜெல் சில பேருக்கு நாக்கில் ருசியை மந்தமாக்கும், பல்லில் பழுப்புக் கறை ஏற்றும், காப்பி டீ குடித்தால் கறை ஜாஸ்தியாகும், ஆகவே காப்பியைக் குறைக்கச் சொல், சிகிச்சை முடிந்த பிறகு ஒரு மாசத்துக்கு மேல் தடவ வேண்டாம், கறை வந்தாலும் பயப்பட வேண்டாம், கடைசியில் ஒரு தடவை வந்தால் பாலிஷ் போட்டு எடுத்துவிடுகிறேன் என்றும் சொன்னாள்.

இவ்வளவையும் நாங்கள் இரண்டு பேரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டோம். கீழே நாற்காலியில் அம்மிணி மாமி வாயைப் பிளந்தபடி மல்லாந்து கிடந்தாள். வாய் அவளுடையது.

வெளியே வந்ததும் நான் மாமியிடம் தடவுகிற விதத்தைச் சொன்னேன், அரைமணிக் கணக்கைச் சொன்னேன், பல் ஆடாது என்பதைச் சொன்னேன். காப்பியையும் கறையையும் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல. யோசித்துத்தான் விட்டேன். ஒரு நாளைக்கு நாலு டம்ளர் டிகாக்‌ஷன் காப்பி குடிக்கிறவள், காப்பியைக் குறை என்றால் மருந்தையே வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று நானே முடிவுகட்டினேன். அவளுக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியும் என்ற திமிர். அதற்கு வேறு பெயர் இல்லை.

நாலு சனிக்கிழமை போனோம். ஊசி போட்டுப் பாதி முகம் மரத்து, உதடு ஒரு பக்கம் தொங்க, அப்படியே நேராகச் சமையலுக்குப் போவாள். இரண்டாவது தடவைக்குப் பிறகே ரத்தம் நின்றது. நாலாவது முடிந்தபோது நாற்றம் போயிருந்தது. வீங்கியிருந்த ஈறு வற்றியதில் பல்லெல்லாம் கொஞ்சம் நீண்டு, நடுவில் சந்து தெரிந்தது. குளிர்ந்த தண்ணீர் குடித்தால் கூசுகிறது என்றாள். ஆனால் ஆடின பல் இரண்டும் ஓரளவு இறுகியிருந்தன. பதினைந்து வருஷத்தில் முதல் முறையாக அம்மிணி மாமி வாயைத் தலைப்பால் மூடாமல் சிரித்ததைப் பார்த்தேன். நான்தான் செய்தேன் என்று எனக்கு ஒரே பெருமை.

ஒரு மாசம் ஆனதும் ஜெல்லை நிறுத்தியிருக்க வேண்டும். இன்னொரு ட்யூப் கிடைக்குமா என்று மாமி கேட்டாள். நன்றாக இருக்கிறது, நிறுத்த மனசு வரவில்லை, நிறுத்தினால் பழையபடி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றாள். ஃபோர்ட்டில் ஒரு கடையில் இருந்தது. நானே வாங்கி வந்து கொடுத்தேன். பழுப்பு அப்போதே ஏற ஆரம்பித்திருந்தது. பல்லின் ஓரத்தில் கோடு, சந்துகளில் கறுப்பு. எனக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரியவில்லை. விபூதி இட்டுக்கொள்ள அவளுக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை, அந்த அறையில் கண்ணாடியே கிடையாது. அடுத்த வாரம் டாக்டரிடம் பாலிஷுக்குக் கூட்டிப்போகலாம் என்று இருந்தேன். ஆபீசில் ஓவர்டைம் வந்தது, அடுத்த வாரம் அடுத்த மாசமாயிற்று.

தை பிறந்தது. சுப்புலக்ஷ்மியின் பெண்ணுக்குக் கல்யாணம். சாப்பாட்டுச் சமையல், கல்யாணச் சமையல்காரன் பஞ்சுவின் ஆட்கள், சீர் பட்சணம் அம்மிணி மாமி. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் மூன்று நாள் அந்த வீட்டிலேயே தங்கி முறுக்கு, மனோகரம், அதிரசம், லாடு எல்லாம் முடிக்க வேண்டும். சம்பந்தி வீட்டார் டில்லிக்காரர்கள். மாட்டுங்கா முழுக்க வந்து பார்க்கப்போகிற சீர். இதை நன்றாக முடித்தால் அந்த வருஷ முகூர்த்தத்துக்கெல்லாம் மாமிக்கு அழைப்பு வரும். அவளே என்னிடம் சொன்னாள், இனிமேல் வீட்டு வேலையில் இரண்டைக் குறைத்துக்கொண்டு பட்சண வேலை மட்டும் பார்க்கலாம் என்று இருக்கிறேன், முட்டி வலிக்கிறது என்று.

மாமி மருந்துப் பையை எடுத்துக்கொண்டு போனாள். நான் அங்கே இல்லை, இனி எழுதுவது அவள் சொன்னது.

வாயில் விரலை வைத்தால் எச்சில். எச்சில் கையோடும், வாயில் ஏதோ வைத்துக்கொண்டும் அடுக்களைக்குள் போகக் கூடாது. டாக்டர் சொன்னபடி கொப்பளிக்கவும் கூடாது. ஆகவே அவள் காலையில் குளித்ததும் பின்பக்க பால்கனியில் பாத்திரம் தேய்க்கிற இடத்துக்குப் போய், ஜெல்லைத் தடவி, கையை மூன்று தடவை அலம்பி, அரைமணி அங்கேயே ஓரமாக நின்றாள். வாயைத் திறக்கவில்லை. அப்புறம் துப்பி, கொப்பளித்து, மறுபடி காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து அடுப்பைத் தொட்டாள். டாக்டரையும் மீறவில்லை, மடியையும் மீறவில்லை. மனுஷி இதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

இரண்டாம் நாள் காலை சுப்புலக்ஷ்மி பால்கனிக்கு வந்து முறுக்கு மாவு போதுமா என்று கேட்டாள். மாமி பதில் சொல்லவில்லை. கையைக் காட்டி, இரு என்று ஜாடை செய்தாள். சுப்புலக்ஷ்மி திரும்பவும் கேட்டாள். மாமி மோவாயைத் தூக்கி, வாய்க்குள் இருப்பது சிந்தாமல், 'ம்ம்' என்றாள். பிறகு திரும்பி நின்று துப்பினாள்.

அதே வீட்டின் முன்ஹாலில் அதே நேரத்தில் பஞ்சு உட்கார்ந்து கல்யாண மெனு பேசிக்கொண்டிருந்தான். வாய் நிறைய வெற்றிலையும் புகையிலையும். அவனும் மோவாயைத் தூக்கித்தான் பேசுவான். ஜன்னல் வழியாகச் சிவப்பாகத் துப்புவான். அந்தக் கையால்தான் ஐந்நூறு பேருக்குப் பாயசம் கிண்டுவான். அவனுக்குச் சுப்புலக்ஷ்மி வெள்ளி டம்ளரில் காப்பி கொடுத்து, உன் கைமணம் யாருக்கு வரும் என்று உபசாரம் பண்ணிவிட்டுத்தான் பால்கனிக்கு வந்திருந்தாள்.

மாமி வாய் கொப்பளித்து உள்ளே வந்ததும் சுப்புலக்ஷ்மி வழியை மறித்தாள். வாயில் என்ன என்று கேட்டாள். மருந்து என்றாள் மாமி. வாயைத் திற என்றாள். நாற்பத்தி நாலு வயசுப் பெண்பிள்ளையை, பதினோரு வருஷமாகத் தன் வீட்டில் உலை வைத்தவளை, சந்தையில் மாட்டைப் பார்க்கிறாற்போல வாயைத் திறக்கச் சொன்னாள். மாமி, ஒளிக்க ஒன்றும் இல்லாதவள், திறந்தாள்.

பல் முழுக்கப் பழுப்பு. சந்தெல்லாம் கறுப்பு.

மாமி மருந்து ட்யூபை எடுத்துக் காட்டினாள். சுப்புலக்ஷ்மி அதைக் கையில் வாங்கக்கூட இல்லை.

"பல்லு மருந்துன்னா பல்லு வெளுக்கணும். கறுக்குமோ? யார்கிட்ட காது குத்தறே?"

இதற்குப் பதில் அம்மிணி மாமியிடம் இல்லை. தன் பல் கறுத்திருப்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். பதில் என்னிடம் இருந்தது. நான் அப்போது ஃபோர்ட்டில் பாஸுக்கு டிக்டேஷன் எடுத்துக்கொண்டிருந்தேன்.

முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து சுற்றிய முறுக்கெல்லாம் எச்சில் பட்டது என்று, அவள் கண் முன்னாலேயே கூர்க்காவுக்கும் பெருக்க வருகிறவளுக்கும் அள்ளிக் கொடுத்தார்கள். மிச்சப் பட்சணத்துக்குக் கடையில் சொல்லிவிட்டார்கள். பஞ்சு நடுவில் வந்து, "பொம்மனாட்டிக்கு இந்தப் பழக்கம் ஆகாது" என்று சொன்னானாம். வாயில் குதப்பிக்கொண்டே சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் நான் வந்தபோது மாமி தன் அறைவாசலில் நின்றிருந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்த மருந்து பல்லைக் கறுக்கப் பண்ணுமோடி?"

பண்ணும் என்றேன். டாக்டர் சொன்னாளா என்றாள். முதல் நாளே சொன்னாள் என்றேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றாள். காப்பிக்காக நீங்கள் மருந்தையே விட்டுவிடுவீர்கள் என்று பயந்தேன் என்று முனகினேன். மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என் பல்லு. என் காப்பி. எதை விடறதுன்னு நானாக்கும் நிச்சயிக்கணும். நீ யாருடி நடுவுல?"

அவள் விடவில்லை.

"இருபத்தி மூணு வருஷமா பாஜிவாலாகிட்ட ஹிந்தில சண்டை போட்டுண்டு காய் வாங்கறேன். அந்த டாக்டர் என்கிட்ட ஹிந்தில ஒரு வார்த்தை சொல்லப்படாதா? நீதான் எனக்கு வாயா?"

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. சுப்புலக்ஷ்மி மேல் எனக்கு இருந்த ஆத்திரத்தில் பாதியைப் பிடுங்கி என் தலையிலேயே போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அது லேசான காரியமில்லை. அவளைத் திட்டும்போதெல்லாம் நடுவில் என் பெயரும் வந்தது.

அந்தப் பதினோரு நாளில் என்ன நடந்தது என்றால், கல்யாணத்துக்கு வந்த மாட்டுங்கா முழுக்கச் சீர்த்தட்டில் கடை முறுக்கைப் பார்த்து ஏன் என்று கேட்டது, அம்மிணி புகையிலை போடுகிறாள் என்று சுப்புலக்ஷ்மி சொன்னாள். அடுத்த வாரமே இரண்டாவது வீட்டில், மருமகளே சமைத்துக்கொள்கிறாள், நீ வர வேண்டாம் என்றார்கள். மூன்றாவது வீட்டில் ஒரு படி மேலே போய், கொஞ்ச நாளாகவே சாம்பாரில் உப்பு ஒரு நிலையில் இல்லை, இதுதான் காரணமா என்றார்கள். மருந்தினால் தன் தட்டில் போட்ட சோற்றில் உப்பு தெரியவில்லை என்று மாமி என்னிடம் சொன்னது உண்மை. ஆனால் சமைக்கும்போது என்றைக்கு அவள் ருசி பார்த்தாள்? கையளவு மாறவில்லை, உப்பும் மாறவில்லை. மூன்று மாசம் தட்டை வழித்துச் சாப்பிட்டவர்களுக்கு வதந்தி வந்த பிறகு நாக்கு முளைத்தது.

செம்பூர் வீடு மட்டும் நிற்கவில்லை. அங்கே இருந்தவள் சொன்னாளாம், புகையிலை போட்டால் போட்டுக்கொள், சமையல் நன்றாக இருந்தால் போதும் என்று. பிறகு மாமி என்னிடம் இதைச் சொன்னபோதுதான் குரல் உடைந்தது. வேலையை விட்டு நிறுத்தினவர்களும் நம்பினார்கள், நிறுத்தாதவளும் நம்பினாள்.

பன்னிரண்டாம் நாள் மாமி என்னைக் கூப்பிடாமல் தனியாகப் பஸ் ஏறி டாக்டர் நாட்கர்ணியிடம் போனாள். முன்னால் உட்கார்ந்து, எனக்கு என்ன வியாதி, என்ன செய்தீர்கள், இந்த மருந்து என்ன செய்யும், என்ன செய்யாது, எல்லாவற்றையும் ஹிந்தியில் என்னிடம் சொல்லுங்கள் என்று கேட்டாள். டாக்டர் திகைத்துப்போய், பிறகு அரைமணி உட்கார்ந்து எல்லாம் சொன்னாளாம். கண்ணாடியைக் கையில் கொடுத்து ஈறைக் காட்டினாளாம். ஈறு நன்றாக ஆறிவிட்டது, சந்துகளின் ஆழம் குறைந்துவிட்டது, ஜெல்லை இத்தோடு நிறுத்து, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து சுத்தம் செய்துகொள் என்றாள். பிறகு பாலிஷ் போட்டாள். கால் மணி நேரம்.

கால் மணி நேரத்தில் போகிற கறை. இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு நான் ஆபீசில் டைப்ரைட்டர் ரிப்பனைக் கிழித்துப் போட்டேன். வேறு யாரையும் கிழிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து என்னிடம் பல்லைக் காட்டினாள். வெள்ளையாக இருந்தது. நானும் அசடு, உடனே சுப்புலக்ஷ்மி வீட்டுக்குப் போய்க் காட்டலாம், டாக்டரிடம் லெட்டர் வாங்கி வருகிறேன் என்றேன். பல்லை இளித்துக்கொண்டு போய் நிற்கச் சொல்கிறாயா என்று சீறினாள். ஆனால் அவளுடைய ஜல்லிக்கரண்டி அந்த வீட்டில் நின்றுபோயிருந்தது, புருஷன் மெஸ்ஸில் வேலை பார்த்தபோது வாங்கினது. அதை எடுக்கப் போகத்தான் வேண்டும். லெட்டரும் இருக்கட்டும் என்று நான் வாங்கி வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் போனோம்.

அனந்தநாராயணன் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சுப்புலக்ஷ்மி எங்களைப் பார்த்ததும் முகத்தை என்னமோ போல் வைத்துக்கொண்டாள். மாமி கரண்டியைக் கேட்டாள். கேட்கும்போது பல் தெரிந்தது. அதைப் பார்த்ததும் சுப்புலக்ஷ்மியின் முகம் மலர்ந்துவிட்டது. நிஜமாகவே மலர்ந்தது, அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

"அப்பாடா, விட்டுட்டியா! நேக்குத் தெரியும், நீ நல்லவதான். போறது, நான் மன்னிச்சுட்டேன். நாளைலேர்ந்து வா."

நான் லெட்டரை நீட்டினேன். டாக்டர் எழுதியது, ஈறு வியாதி, மருந்தினால் வந்த கறை, புகையிலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெளிவாக டைப் அடித்திருந்தது. சுப்புலக்ஷ்மி அதை வாங்கி, பிரிக்காமலே டீபாயின் மேல் வைத்தாள். இதெல்லாம் எதற்கு, நான்தான் மறந்துவிட்டேன் என்கிறேனே, அவளுக்கும் நாலு வீடு வேண்டாமா, நானே எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன், அம்மிணி திருந்திவிட்டாள் என்று, என்றாள்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. நான் வாயைத் திறந்தேன். அம்மிணி மாமி என் மணிக்கட்டைப் பிடித்தாள். என் வாயை அடைப்பதற்காக அல்ல என்பது பிடித்த விதத்திலேயே தெரிந்தது. அவள் பேச வேண்டியது இருந்தது.

"மன்னிக்க வேண்டாம் மாமி. நான் ஒண்ணும் பண்ணலை. ஊர்ல நீங்க ஆறு பேர்கிட்ட சொன்னேள், அதே ஆறு பேர்கிட்டப் போய், நான் சொன்னது பொய்னு சொல்லுங்கோ. சொன்னா நாளைக்கே வந்து அடுப்பு மூட்டறேன். திருந்திட்டான்னு சொன்னேள்னா இந்தப் படி ஏறமாட்டேன்."

சுப்புலக்ஷ்மி டீபாயின் மேல் இருந்த லெட்டரை ஓரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு, நடந்தது நடந்துவிட்டது, அதைப் போய்க் கிளறுவார்களா, பொய் கிய் என்று பெரிய வார்த்தையெல்லாம் எதற்கு என்றாள். மாமி நேரே அடுக்களைக்குள் போய்த் தன் கரண்டியை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டாள். அடுப்பில் பால் பொங்கி வந்துகொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டு வந்தாள்.

நாங்கள் படி இறங்கினோம். முதல் திருப்பத்துக்குக்கூட வரவில்லை, கதவு திறந்தபடியே இருந்தது, மேலேயிருந்து சுப்புலக்ஷ்மியின் குரல் கேட்டது. புருஷனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். குரலில் கோபமே இல்லை, இரக்கம்தான் இருந்தது.

"பாத்தேளா, புதுசா விட்டவாளுக்கு இப்படித்தான் சுள்சுள்ளுனு கோவம் வருமாம்."

அனந்தநாராயணன் "ம்" என்றார். பேப்பரைத் திருப்புகிற சத்தம் கேட்டது.